பதினேழாவது வரி

சாயங்காலம் நாலரை மணி. பேருக்குத்தான் சாயங்காலம்... வெளிய கும்மிருட்டு. குளிர்காலத்துல அந்த ஊர் சூரியன் நாலு மணிக்கே கடையைக் கட்டிடும். ரயில் யார்டை ஒட்டி ஒரு ரோடு. ஒரு பக்கம் கம்பி வேலி, இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்குற குடோனுங்க. ஆள் நடமாட்டமே இல்லை. ரெண்டே ரெண்டு பேர் நடந்து போறாங்க. முன்னால போறவர் இடுப்புல சாவிக்கொத்து... ஜல்... ஜல்... பின்னால போறவர் வெல்டர்.

அந்தக் கதவைச் சாத்துங்கப்பா.

நம்மகூட வேலை பார்க்குறவன் ஏன் இன்னைக்கு வரலைன்னு காலைல இருந்து என்னைத் துளைச்சு எடுத்தீங்கல்ல. அந்த வெல்டர் அவனோட அத்தான். அக்கா வீட்டுக்காரர். இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அவர் வேலை பார்க்குற வெளிநாட்டுல நடந்தது.

அத்தான் மூணு வருஷம் கம்பெனி ரூம்ல ஆறு பேரோட இடிச்சுக்கிட்டுக் கிடந்தவர். ஒருவழியா பொண்டாட்டியையும் அஞ்சு வயசுப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வர அனுமதி கிடைச்சுது. ஆனா ஒரு நிபந்தனை. ரெண்டு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் அவர் பேர்ல இருக்கணும். வெளிநாட்டுக்காரனுக்கு யார் வீடு கொடுப்பா? முகத்தைப் பார்த்ததும் "போன வாரமே போயிடுச்சே"ன்னுடுவாங்க. பதினேழு வீடு ஏறி இறங்கினார்... இல்லை, பதினேழு வேற கணக்கு. அதுக்கு வர்றேன்.

அப்பதான் இந்த சாவிக்காரர் கிடைச்சார். வீட்டு புரோக்கர். நம்ம பாஷை பேசுறவர். கண் காணாத ஊர்ல "வா தம்பி"ன்னு ஒரு குரல் கேட்டா போதாதா? அத்தான் உருகிட்டார்.

ரெண்டாவது மாடி. வீடு சுத்தமா இருந்துச்சு. ஃபினாயில் வாடை மட்டும் கொஞ்சம் தூக்கல். சாவிக்காரர் ஒரு பாரத்தை நீட்டினார். வீட்டுல உள்ள சாமான் எல்லாம் வரிசையா, நாப்பத்திரண்டு வரி. ஜன்னல், குழாய், அடுப்பு... ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு ஏற்கனவே டிக். கீழ கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பதினேழாவது வரி, பாத்ரூம்ல இருக்குற வெந்நீர் அடுப்பு. கேஸ்ல எரியுறது. அதோட புகைக்குழாய் சுவத்துக்குள்ள போகுது. அத்தான் வெல்டராச்சே, கை சும்மா இருக்குமா? படியில போய் வெளிச்சுவத்தைப் பார்த்தார். ஓட்டையே இல்லை. மழமழன்னு பூச்சு வேலை.

"அண்ணே, புகை எங்க போகும்?"

"உள்ளயே வேற வழி விட்டிருக்கு தம்பி. நான் உனக்குப் பொய் சொல்லுவேனா? வேணாம்னா சொல்லு, வெளிய நாலு பேர் நிக்கிறான்."

பொண்டாட்டி பிள்ளைக்கு டிக்கெட் போட்டாச்சு. அவங்க வர இன்னும் பதினோரு நாள். அத்தானுக்கு நல்லாத் தெரியும், அந்தச் சுவத்துக்குள்ள வேற வழி கிடையாதுன்னு. அப்புறம் பார்த்துக்கலாம்னு நெஞ்சறிய கையெழுத்துப் போட்டார்.

அன்னைக்கே குடி போயிட்டார். தனியா. குளிக்கலாம்னு அடுப்பைப் பத்த வைக்கிறார்... டிக்... டிக்... புஸ். நீலமா எரிஞ்சுது. உடனே பக்கத்துல யாரோ "ஃபூ"ன்னு ஊதுன மாதிரி... அணைஞ்சு போச்சு. மணிக்கட்டுல அந்தக் காத்து பட்டுச்சாம். வெதுவெதுன்னு. ஜன்னலைப் பார்த்தார், பெயிண்ட் அடிச்சு ஒட்டிக் கிடக்கு. திரும்பப் பத்த வச்சார். "ஃபூ." இந்தத் தடவை இடுப்பு உயரத்துல இருந்து. சின்னப் பிள்ளை இருமுற மாதிரி ஒரு சத்தம்.

காலைல பார்த்தா, மேஜை மேல இருந்த பாரத்துல பதினேழாவது டிக் மட்டும் அழிஞ்சிருக்கு. ஈர விரலால தேய்ச்ச மாதிரி. இவர் பேனாவால திரும்பப் போட்டார். மறுநாள் மறுபடி அழிஞ்சிருக்கு. மூணாவது நாளும்.

கீழ் வீட்டுல ஒரு நர்ஸம்மா, அந்த ஊர்க்காரங்க. அவங்ககிட்ட விசாரிச்சார். அவங்க பாஷை இவருக்குப் பாதிதான் புரியும், ஆனா அன்னைக்கு முழுசாப் புரிஞ்சுது. முன்னாடி குடியிருந்தது ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற ஒரு பொண்ணு, கூட அவளோட சின்ன மக. உங்க ஊர்க்காரங்கதான்னாங்க. மக குளிக்கப் போச்சு, வெளிய வரலை. தூக்கப் போன அம்மாவும் வரலை. விஷப்புகை. போலீஸ் வந்தப்ப பாரத்துல எல்லாம் நல்ல நிலைன்னு அவளோட கையெழுத்தே இருந்துச்சு. யாரையும் பிடிக்கலை.

அதுக்கப்புறமும் சாவிக்காரர், தான் பூச்சு வேலையில மூடுன அந்தப் புகை ஓட்டையைத் திறக்கலை. திறந்தா, அடைச்சு வச்சிருந்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ஆள் ரெண்டு உயிரைச் சுவத்துல வச்சுப் பூசிட்டான்.

அத்தான் போன் போட்டார். "அண்ணே, அடுப்பு எரிய மாட்டேங்குது. வந்து பாருங்க." அப்படித்தான் ரெண்டு பேரும் அந்த ரோட்டுல வந்தாங்க. நாலரை மணிக்கு.

சாவிக்காரர் நேரா பாத்ரூமுக்குள்ள போனார். அத்தான் வாசல்ல நின்னார். டிக்... புஸ். அவருக்கு மட்டும் முதல் தட்டுலயே பிடிச்சுக்கிச்சு. நின்னு எரியுது.

அப்ப அத்தானோட தோளுக்குப் பக்கத்துல... ரொம்பப் பக்கத்துல... ஒரு பொம்பளைக் குரல். சாதாரணமா, வீட்டுல கேக்குற மாதிரி.

"சரியா இருக்கா?"

சாவிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கலை. "எல்லாம் சரியா இருக்கு"ன்னார்.

கதவு சாத்திக்கிச்சு. உள்தாழ்ப்பாள்... டக்.

சாவிக்காரர் முதல்ல சிரிச்சார். அப்புறம் தட்டினார். அப்புறம் உதைச்சார். சாவிக்கொத்து ஜல்ஜல்ஜல்னு கதவுல மோதுது. "தம்பி, திற... தம்பி..."

அத்தானோட டூல் பை காலடியில கிடக்கு. உளி இருக்கு, சுத்தியல் இருக்கு. வெல்டருக்கு ஒரு தாழ்ப்பாள் எத்தனை நேரம்? ரெண்டு நிமிஷம்.

அவர் பைக்குக் குனியலை. நின்னார். 'அவதானே கேக்குறா, கேக்கட்டும்'னு நின்னார். ஜல்... ஜல்... கடைசியில அதுவும் நின்னுச்சு.

போலீஸ் பாரத்தை எடுத்துப் பார்த்தாங்க. பதினேழாவது வரியில டிக், சாவிக்காரர் பேனா. குடியிருக்கிறவர் கையெழுத்து போடுற இடம் வெறுமையா, ஈரமா இருந்துச்சு. அத்தானை ரெண்டு கேள்வி கேட்டு விட்டுட்டாங்க.

கம்பெனியே வேற வீடு பார்த்துக் கொடுத்துச்சு. அங்க கேஸே கிடையாது, எல்லாம் கரண்ட். அக்காவும் பொண்ணும் வந்து சேர்ந்தாங்க. அந்தச் செத்துப்போனவளும் நம்மளை விட்டுட்டான்னு அத்தான் நிம்மதியா இருந்தார். முதல் நாள் குளிக்கப் போறார்... கதவுக்கு வெளிய கேக்குது.

"சரியா இருக்கா?"

அவர் மூச்சுக்கூட விடலை. கொஞ்ச நேரம் கழிச்சுத் தாழ்ப்பாளைத் தொட்டார். திறந்துச்சு. அன்னையில இருந்து ரெண்டு வருஷம், தினமும் கேக்கும். இவர் பதில் சொல்றதில்லை. சொல்லாத வரைக்கும் தாழ்ப்பாள் திறக்குது. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எப்படிச் சொல்லுவார்? அதைச் சொன்னா, பையைத் தொடாம நின்னதையும் சொல்லணுமே. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டதையும் சொல்லணும்.

நேத்து ராத்திரி போன்லதான் மச்சான்கிட்ட, அதான் நம்மகூட வேலை பார்க்குறவன்கிட்ட, எல்லாத்தையும் கொட்டியிருக்கார். தேம்பித் தேம்பி.

நேத்து சாயங்காலம், நாலரை மணி. அக்கா கடைக்குப் போயிருந்தாங்க. அத்தான் வேலை முடிஞ்சு வந்து ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தார். ஒரு ஷூதான் கழட்டியிருக்கார்... குப்புனு ஃபினாயில் வாடை. பாத்ரூம்ல தண்ணி விழுற சத்தம். பொண்ணுக்கு இப்ப ஏழு வயசு, தானாக் குளிக்குது.

ஒத்தை ஷூவோட ஓடினார். வாசல்ல யாரும் இல்லை. அந்தக் குரல் மட்டும் ஏற்கனவே கேட்டு முடிச்சிருந்துச்சு. குழந்தை பாவம், அம்மா வந்துட்டாங்கன்னு நினைச்சிருக்கு. உள்ள இருந்து சொல்லுது...

"ம்ம். சரியா இருக்கும்மா."

டக்.

அதான்... அவன் இன்னைக்கு வேலைக்கு வரலை.