ஒரு பிடி ஊர் மண்

அங்க கால் வைக்காதீங்க தம்பி. பள்ளமாத் தெரியுதுல்ல, அங்கயும் ஆளுங்கதான் கெடக்காங்க. என் பின்னாலயே வாங்க. கொசுவா? இதெல்லாம் ஒரு கொசுவா! ஜூலைல வந்து பாருங்க, ஆளையே தூக்கிட்டுப் போயிரும்.

சிலுவையா? எங்க நட விட்டானுங்க? நட்டா மறுநாளே காவல் அதிகாரியோட அடுப்புல எரியும். ரெண்டு மாடு வச்சிருந்தாங்க, தகரக் கூரை போட்டிருந்தாங்க, பணக்கார விவசாயின்னு சர்க்கார் முத்திரை குத்திருச்சு, அதான் குத்தம். அதுக்குக் குடும்பம் குடும்பமா ரயில்ல அள்ளிட்டு வந்து இந்தக் காட்டுல கொட்டினானுங்க, மரம் வெட்டுன்னு. மொத குளிர்ல தரை இரும்பாட்டம் கெடந்துச்சாம், கடப்பாரை எறங்கல. செத்தவங்களக் கொட்டகைக்குப் பின்னால அடுக்கி வச்சிருந்து, மே மாசம் பனி உருகினப்புறம்தான் மொத்தமாப் பொதைச்சாங்க. அதனால உங்க தாத்தா கெடக்கற எடம் இதுதான்னு என்னால கை காட்ட முடியாது. பொய் சொல்லலாம், மனசு வரல. எல்லார் மேலயும் தூவுங்க, அவருக்கும் சேரும்.

பையில என்னன்னு கேக்காமலே தெரியும். உங்க தாத்தா ஊரு, தம்போவ் மண்ணு. வர்றவங்க யாரும் ஊர் மண்ணு இல்லாம வர்றதில்ல. அடேயப்பா, என்னா கறுப்பு! இதுல ஒரு உருளைக்கிழங்கு போட்டா எப்படி வெளையும்!

என் பேரா? உஸ்தீனியா. நீங்க கொண்டு வந்த பட்டியல்ல இருக்கா? கண்ணாடி கொண்டு வரல, நீங்களே படிங்க. மேலானியா மக உஸ்தீனியா, மூணு வயசு, உயிரோட... ம். அது தப்பு தம்பி. உஸ்தீனியா அந்தக் குளிர்லயே போயிட்டா. அதோ அந்த பிர்ச் மரத்தடிதான், பனி உருகினப்புறம் மேலானியாம்மா யாருக்கும் தெரியாம தனியாப் பொதைச்ச எடம். இந்தக் காட்டுலயே எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச குழி அது ஒண்ணுதான். ஈஸ்டர் முடிஞ்சு கல்லறைக்குப் போற நாள்ல, வருஷம் தவறாம செவப்புச் சாயம் தோச்ச முட்டை வைக்கிறேன்.

பயப்படாதீங்க, புத்தி நல்லாத்தான் இருக்கு. கொட்டகைல உஸ்தீனியாவுக்குப் பக்கத்துப் படுக்கைல ஒரு புள்ள காய்ச்சல்ல கெடந்துச்சாம். கூட வந்தவங்க ஒருத்தர் விடாம போயாச்சு. பேரு கேட்டா முழிக்குமாம். அநாதைன்னு தெரிஞ்சா விடுதிக்குத் தூக்கிட்டுப் போயிருவானுங்க, போனது ஒண்ணும் திரும்பினதில்ல. மேலானியாம்மா என்ன பண்ணுச்சு, செத்தது அந்த அநாதைன்னு எழுத வச்சுட்டு, இந்தப் புள்ளய எடுத்து மடியில போட்டுக்கிச்சு. தன் மகளுக்கு வாய்விட்டு அழக்கூட இல்ல பாவி. அழுதா காட்டிக் குடுத்துருமே. சாகும்போதுதான் எங்கிட்ட சொல்லுச்சு.

செத்தவங்க பக்கத்தப் பொரட்டுங்க. பேர் தெரியாத பொண்ணு, சுமாரா மூணு வயசுன்னு ஒண்ணு இருக்கா? இருக்குல்ல. அது நான்தான்.

அட, கைய அப்படியே கவுத்துராதீங்க தம்பி! எனக்கு ஒரு பிடி மிச்சம் வைங்க. வீட்டுல ஜாடி இருக்கு, வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கிப் போட்டு வச்சிருக்கேன். நான் போனா என் மேல தூவச் சொல்லியிருக்கேன். தம்போவ் மண்ணு இன்னும் வரல. ஏதாச்சும் ஒண்ணு எங்க ஊரா இருக்கும்ல.