முனியாண்டியின் மேட்ச்லெஸ்

உட்காருங்கள். பினாங்கிலிருந்து வந்திருக்கிறீர்கள், அவசரமாகப் பார்த்துவிட்டு ஓட வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மோட்டார்சைக்கிளில் கியர்பாக்ஸ் பக்கம் கொஞ்சம் எண்ணெய் கசியும். அதற்காகத்தான் அடியில் அந்தப் பால் டின். காலையில் முதல் உதை வீண், இரண்டாவதும் பெரும்பாலும் வீண். குறையை மறைத்து விற்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஈப்போவில் டயர் கடை பத்துமலை என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவன் பொய் சொல்ல மாட்டான் என்பார்கள்.

சிலிண்டர் பட்டைகளுக்கு நடுவே சிவப்பாக இருப்பது துரு இல்லை. குங்குமம். மூங்கில் குச்சியைச் சீவி வைத்துச் சுரண்டினேன், அடியில் போனது வரவில்லை. அது எப்படி அங்கே போனது என்று கேட்டீர்கள். காசு கொடுத்து வாங்கப் போகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அக்கா மங்களம் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஈப்போவுக்கு வடக்கே ஆறாங்கட்டைத் தோட்டத்தில். மச்சான் அர்ச்சுனன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரச் சின்னத்தொரை இருந்தான். அவன்தான் இந்த மேட்ச்லெஸ் வண்டியை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்தவன். சாலையில் ஓட்டுகிற வண்டி இல்லை இது. கல், பாறை, ஓடை, சரிவு என்று ஏற்றி இறக்க வேண்டும், அதுவும் மெதுவாக, நின்றுகொண்டே. கால் தரையில் பட்டால் மார்க் போச்சு. டிரையல்ஸ் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஜனங்களுக்கு அது தெரியாது. ஒரு வெள்ளைக்காரன் உட்கார சீட் இருந்தும் உட்காராமல் மலை ஏறுகிறான் என்று சிரித்திருக்கிறார்கள்.

அவன் ஊருக்குப் போகும்போது வண்டியின் மேக்னெட்டோ செத்திருந்தது. முனியாண்டி கோயில் பக்கத்தில் ஒரு மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். டாங்கில் பார்த்தீர்களா, சிறகு முளைத்த எம் எழுத்து இருந்த இடம். ஜனங்களுக்கு எம் என்றால் முனியாண்டி, வேறு என்ன. சிறகு எதற்கு என்றால், சாமி எல்லையைச் சுற்றி வர வேண்டாமா. யாரோ ஒரு மாலை போட்டார்கள். அப்புறம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை, ஹேண்டிலில் வேப்பிலை, ஹெட்லைட்டுக்குச் சந்தனம், இன்ஜினுக்குக் குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். நானே பார்த்திருக்கிறேன், தீபாவளிக்கு என் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் கிடைத்ததில்லை. இரும்பு கெடாமல் இருந்தது அந்த எண்ணெயால்தான். அதற்கு அவர்களுக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது எனக்கு முப்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை. சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் மலையடிவாரத்தில் சனி ஞாயிறு வண்டி ஓட்டுகிற ஒரு கூட்டம் உண்டு. எல்லாரிடமும் புது ஜப்பான் வண்டி. என்னிடம் இருந்தது கப்சாய் என்கிற சின்ன வண்டி. இந்த மேட்ச்லெஸ்ஸை நினைத்து நான் படாத பாடு பட்டேன். அக்கா வீட்டுக்குப் போனால் அக்காவைப் பார்க்கும் முன்பு இதைத்தான் பார்ப்பேன்.

நேர்மையாகத்தான் கேட்டேன். பூசாரி சன்னாசி நல்ல மனிதர், தோட்டத்தில் புல்வெட்டுக் காண்டிராக்ட் எடுத்திருந்தவர். "என் பொருளா இருந்தா சும்மாவே குடுத்துருவேன், தம்பி. அவர்கிட்ட கேப்போம்" என்றார். பூக்கட்டிப் போட்டோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. சிவப்பு வந்தது. அடுத்த மாதம் இரண்டு பொட்டலத்திலும் நானே வெள்ளையைக் கட்டி எடுத்துப் போனேன். சன்னாசி தன் கையால் கட்டி வைத்திருந்ததைப் போட்டார். மறுபடியும் சிவப்பு. அதற்கு மேல் பூவை நம்பிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் தோட்டம் கைமாறியிருந்தது. வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. யூனியனிலிருந்து பழனியப்பன் என்று ஒருவர் வந்து ஜனங்களை உட்காரவைத்துப் பேசினார். ஆளுக்கொரு வீட்டுமனை தரக் கம்பெனி ஏறக்குறைய ஒத்துக்கொண்டது, கையெழுத்தாகிற வரைக்கும் ஒரு குடும்பமும் லயத்து வீட்டை விட்டு அசையக்கூடாது, போனால் தானாகப் போனதாகிவிடும், ஒன்றும் கிடைக்காது என்றார். ஜனங்கள் அசையவில்லை.

நான் கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். மரத்தடி வண்டியை விலைக்குக் கேட்டேன். ஜனங்கள் இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது, அவர்கள் போன பிறகு அங்கே கிடப்பதெல்லாம் பழைய இரும்புதான், வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். நான் யோசித்துவிட்டு இன்னொரு தடவை போய், அவர்களாகவே போய்விட்டால் வண்டி எனக்குத்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் சிரித்தார். வியாபாரத்தில் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் குளியலறையில் பழகினேன். ஆட்டம் சிரமமில்லை, சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். சுருட்டுதான் சிரமம். இருமல் வந்தது. சாமிக்கு இருமல் வரக்கூடாது.

ஆடி மாசப் பூசை, உச்சி வெயில். உறுமி முழங்க ஆரம்பித்ததும் நான் சட்டையைக் கழற்றினேன். பேண்ட் போட்ட டவுன்காரன் மேல் சாமி வந்ததில் எல்லாருக்கும் திகைப்பு. அதனாலேயே நம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சம்சுச் சாராயத்தைக் கொடுத்தார்கள், குடித்தேன். சுருட்டைக் கொடுத்தார்கள், இருமாமல் பிடித்தேன். சன்னாசி கையைக் கட்டிக்கொண்டு, ஏதும் குற்றம் உண்டா என்று கேட்டார்.

"குத்தம் ஒண்ணுமில்ல. எனக்கு இங்க வேல முடிஞ்சுபோச்சு. நான் கெளம்புறேன். அடுத்த அமாவாசைக்குள்ள நீங்களும் கெளம்பணும். ஒரு லயத்துலயும் வெளக்கு எரியக்கூடாது."

உறுமி நின்றுவிட்டது. நல்லம்மாள் என்று பால்வெட்டுக்குப் போகிற ஓர் அம்மாள் முன்னால் வந்தார்.

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போறீங்களா, சாமி?"

"அது இங்கயே கெடக்கட்டும். யாரும் தொடக்கூடாது. நான் நடந்தே போறேன்."

"நடந்தா? கால் வலிக்குமே, சாமி."

அதற்கு நான் பதில் தயார் செய்யவில்லை. "பரவால்ல" என்றேன்.

நல்லம்மாள் மண்ணில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்கிவிட்டார். பால் வெட்டும் உளி பிடித்துக் காய்த்துப்போன கை. சுகமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பழனியப்பன் மறுநாளே ஓடி வந்தார். வீடு வீடாகக் கெஞ்சினார். மச்சான் அர்ச்சுனன்தான் எல்லாருக்காகவும் பதில் சொன்னாராம். "சாமியே போவுது. நாம இருந்து என்னா செய்யிறது, லா." கம்பெனி இலவசமாக லாரி கொடுத்தது. சிலர் புந்தோங்கில் சாக்கடையோரம் பலகை வீடு போட்டார்கள். சில பெண்கள் கமுந்திங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நல்லம்மாள் எங்கே போனார் என்று தெரியவில்லை. அமாவாசைக்கு நான் போய்ப் பார்த்தபோது லயத்தில் ஒரு நாய்கூட இல்லை. வண்டி மட்டும் புது மாலையோடு நின்றது. போகிற அவசரத்திலும் போட்டிருக்கிறார்கள்.

நான் திருடவில்லை. கம்பெனியிடம் பழைய இரும்பு விலை கொடுத்து வாங்கினேன், ரசீது உள்ளே இருக்கிறது, உங்களுக்கே தந்துவிடுகிறேன்.

அதன் பிறகு ஒரு வருஷம் நான் வேறெதையும் நினைக்கவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. டீசலில் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். மேக்னெட்டோவுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தது லகாட் ரோட்டில் ஒரு சீனர். கிளட்ச் பிளேட் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. ரிம்மைப் பாலிஷ் போட்டு, ஆரக்கம்பி ஒவ்வொன்றாகக் கோத்து நிமிர்த்தினேன். டாங்குக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு பிடி விபூதி. முதல் தடவை ஸ்டார்ட் ஆகி இன்ஜின் சூடேறியபோது வீடு முழுக்கக் கோயில் வாசம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்நெஞ்சக்காரனுக்கு அப்படி வராது.

மச்சானுக்கு வேலை கிடைத்தது சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு கல் குவாரியில். அது என் யோசனை இல்லை. நாங்கள் வண்டி ஓட்டுகிற இடத்துக்கு எதிர் மலைதான். ஒரு சனிக்கிழமை நான் ஒரு பாறைச் சரிவில் பாதி ஏறியிருந்தேன். அங்கே கல் சரிந்த சத்தம் கேட்டது, தொடர்ந்து அபாயச் சங்கு ஊதினார்கள். மற்றவர்கள் எல்லாரும் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஊன்றவில்லை, மேலே போய்த்தான் நிறுத்தினேன். டிரையல்ஸ் என்றால் அதுதான். கல்லுக்கு அடியில் இருந்தவர் மச்சான் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? அந்த வருஷக் கோப்பை எனக்குத்தான் கிடைத்தது. அலமாரியில் இருக்கிறது பாருங்கள்.

பிள்ளை குட்டி இல்லாத அக்காவை நான்தான் அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். வேறு எந்தத் தம்பி செய்வான்? சாமி இறங்கிய உடம்பு என்று இன்றைக்கும் எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். வண்டி அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மாலையும் மஞ்சளும் இல்லாமல் அவள் இதைப் பார்த்ததே இல்லையே. பாரிட் புந்தாரில் ஓர் அரிசி ஆலைக்காரரிடம் வாங்கியதாகச் சொல்லி வைத்தேன். அவள் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான். ஒரே ஒரு நாள் சீட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டாள்.

இப்போது எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது, நின்று ஓட்ட முடியவில்லை. விற்பதற்கு அதுதான் காரணம், வேறு உறுத்தல் எதுவும் இல்லை.

போன வாரம் பழனியப்பன் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கம்பெனி நொடித்து, தோட்டம் இன்னும் லாலான் புல் மண்டித்தான் கிடக்கிறதாம். எல்லாக் குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் வீட்டுமனை வழக்கை மறுபடி எடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜனங்கள் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார்களாம். கிளம்பச் சொன்னது சாமி, திரும்பிப் போகவும் அதே சாமி, அதே உடம்பில் வந்து சொல்லட்டும் என்கிறார்களாம்.

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நான் பழசையெல்லாம் கேக்க வரலண்ணே. இந்த ஆடிக்கு ஒரு தடவ வந்து நில்லுங்க. கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

எனக்கு அவர் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது. இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர் என்பதால் தன்மையாகவே சொன்னேன்.

"வராத சாமிய வந்துச்சுன்னு சொல்லி அந்த ஏழைபாழைங்கள ஏமாத்தச் சொல்றீங்களா? அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன், பழனியப்பன்."