விலை கேட்காமல் ஒரு காலேஜ்

வெர்ன்: இழு... இழுடி! கார்பெட்ட இழுக்கச் சொன்னா பூனைக்குட்டியத் தடவுற மாதிரி தடவுற.

பிரிட்டா: இழுத்துட்டுத்தான்பா இருக்கேன். வரமாட்டேங்குது. போன தடவ டீச்சர் வீட்டுப் படிக்கட்டுக்கு இதப் போட்டது யாரு?

வெர்ன்: நான்தான். நம்ம ஹேகடார்ன் கடை கார்பெட் லேசுல வராது.

பிரிட்டா: பெருமையப் பாரு. அப்பா... நாளைக்குக் கடைசி நாள்.

வெர்ன்: எதுக்கு?

பிரிட்டா: எதுக்கா? ஆல்டன் காலேஜுக்கு! நீ ஸ்கூலுக்கு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விண்ணப்பத்த அனுப்புவாங்க. எத்தனை தடவ சொல்றது?

வெர்ன்: நாளைக்குத்தானே... அந்த ஓரத்த விடாத. ஆணி குத்தும்.

பிரிட்டா: இப்படித்தான் ஒரு வாரமா சொல்லிட்டே இருக்க.

வெர்ன்: இந்தக் கூத்து எனக்குப் புரியலடி. இன்னொரு தடவ சொல்லு.

பிரிட்டா: ஒரே ஒரு காலேஜுக்கு முன்கூட்டியே போடுறோம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பதில் வந்துடும். இடம் குடுத்துட்டாங்கன்னா அங்கதான் சேரணும். வேற எங்கயாவது போட்டிருந்தா வாபஸ் வாங்கிடணும். அதுக்குத்தான் நானும் நீயும் கையெழுத்து.

வெர்ன்: அதாவது எவ்வளவு ஆகும்னு தெரியறதுக்கு முன்னாடியே வாங்கிக்கிறேன்னு வாக்குக் குடுக்கணும்.

பிரிட்டா: அப்படியும் சொல்லலாம்...

வெர்ன்: என் கடைக்கு வர்றவ ஒரு கால்மிதி வாங்கணும்னாக்கூட மூணு கடை ஏறி இறங்கிட்டுத்தான் வருவா. நீ வெர்மான்ட்ல இருக்கிற ஒரு கடைக்குள்ள கண்ண மூடிட்டுப் போறேங்கிற. நம்ம விஸ்கான்சின்லயே நாலு காலேஜ் இருக்கு. எல்லாத்துக்கும் போடு. விலைய வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்.

பிரிட்டா: அவங்க விலையெல்லாம் பேச மாட்டாங்கப்பா. நம்ம வருமானத்தப் பாத்து உதவித்தொகை குடுப்பாங்க. அது நமக்குப் போதலன்னா விட்டுடுவாங்க. வாக்கு கீக்கு எல்லாம் அத்தோட ரத்து.

வெர்ன்: போதும் போதாதுன்னு சொல்றது யாரு? நாமளா, அவங்களா?

பிரிட்டா: நாமதான்... அவங்ககிட்ட பேசி.

வெர்ன்: பாத்தியா, அங்கயும் பேரம்தான். சரி, மெதுவாச் சொல்லு, டீச்சர் சமையல்கட்டுல இருக்காங்க. நம்ம திட்டத்துல மாத்தம் ஒண்ணும் இல்லியே?

பிரிட்டா: ...இல்ல.

வெர்ன்: ஐடியா யாரோடது? இந்த மண்டையில உதிச்சது. பிசினஸ் படிக்க நாடே வரிசையில நிக்குது. மண்ணியல் படிக்க எவன் வர்றான்? அந்த மண்ணு வாசல் வழியா சுலபமா உள்ள போற. ரெண்டாவது வருஷம் நைசா பிசினஸுக்குத் தாவுற. படிச்சு முடிச்சு வந்து கடையில உக்காருற.

பிரிட்டா: அப்பா, கொஞ்சம் வாய மூடு. எனக்கு சிபாரிசுக் கடிதம் எழுதினதே இவங்கதான். காதுல விழுந்துச்சுன்னா...

டீச்சர்: என்ன காதுல விழுந்துச்சு? வாங்க வாங்க, சூடா ஆப்பிள் சைடர். பூசணிக்காய் கேக்கும் இருக்கு.

வெர்ன்: உங்க படிக்கட்டப் பத்திப் பேசிட்டிருந்தோம் டீச்சர். நல்ல படிக்கட்டு.

டீச்சர்: படிக்கட்டுல என்ன நல்லது? ஆமா, உங்க கடை வேன் எங்க? வாசல்ல சின்ன டிரக் நிக்குது. கார்பெட்டு பின்னாடி வால் மாதிரி நீட்டிட்டிருக்கு.

பிரிட்டா: அது மாமாவோட டிரக்கு மிஸ். வேன்ல பிரேக் சரியில்லையாம். வர்ற வழியெல்லாம் நான்தான் அந்த வாலப் பிடிச்சுட்டு வந்தேன்.

வெர்ன்: பிரேக்குதான்... ரெண்டு நாள்ல வந்துடும்.

டீச்சர்: வெர்ன், செவ்வாய்க்கிழமை நம்ம ஸ்கூல் ஆபீஸ்ல உங்களப் பாத்த மாதிரி...

வெர்ன்: கார்பெட் அளவெடுக்க வந்தேன்.

டீச்சர்: ஆபீஸ்ல கல்லுத் தரையாச்சே?

வெர்ன்: அதான் போடச் சொல்லிப் பாத்தேன். வேண்டாம்னுட்டாங்க. கேக் பிரமாதம் டீச்சர்!

டீச்சர்: இன்னும் வாயிலயே வைக்கல நீங்க.

பிரிட்டா: அப்பாவுக்கு வாசனையே போதும் மிஸ்.

டீச்சர்: இவளப் பத்தி ஒண்ணு சொல்லணும் வெர்ன். போன வசந்தத்துல மண் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன் இல்லியா? இடுப்பளவு குழி வெட்டி வச்சிருப்பாங்க. பிள்ளைங்க உள்ள இறங்கி, என்ன மண்ணு, எத்தனை அடுக்கு, தண்ணி நிக்குமா, வீடு கட்டலாமான்னு சொல்லணும். பாதியில கொட்டு கொட்டுன்னு மழை. எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க. இவ மட்டும் குழிக்குள்ள.

வெர்ன்: தெரியும் டீச்சர். அன்னிக்குக் கார் சீட்டுல ஒரு ஏக்கர் நிலம் வந்து சேந்துச்சு.

டீச்சர்: ‘மேலே ஏறி வா’ன்னு கத்துறேன். ‘ஒரு நிமிஷம் மிஸ், தண்ணி எந்த அடுக்குல நிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது’ங்கிறா. இத்தனை வருஷத்துல எனக்கு அப்படி ஒரு பிள்ளை வாய்க்கல. அதை அப்படியே சிபாரிசுல... அடடா, சொல்லக்கூடாது. நான் என்ன எழுதினேன்னு பாக்க மாட்டேன்னு இவ எழுதிக் குடுத்திருக்கா.

பிரிட்டா: நான் எதையும் கேக்கல மிஸ். கேக்குதான் சாப்பிடுறேன்.

டீச்சர்: வெர்ன், உங்களையும் பாராட்டணும். ‘மண்ணப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற’ன்னு கேக்குற அப்பாக்கள்தான் இந்த ஊர்ல அதிகம். நீங்களே இவள மண்ணுப் பக்கம் அனுப்பி வச்சீங்களாமே?

வெர்ன்: எங்க குடும்பத்துக்கே மண்ணுன்னா உயிர் டீச்சர்.

பிரிட்டா: க்ஹூம்...

வெர்ன்: சைடர் புரையேறிடுச்சா? மெதுவாக் குடி.

டீச்சர்: அதையும் ஒரு வரி எழுதியிருக்கேன். அப்பா குடுத்த ஊக்கம்னு.

வெர்ன்: ஐயோ, அதெல்லாம் எதுக்கு டீச்சர்...

டீச்சர்: உண்மையத்தானே எழுதினேன்?

வெர்ன்: ...பிரிட்டா, அந்த மூலையத் தூக்கு. கார்பெட்டுக்கு அடியில விரிச்ச பஞ்சு எப்படியிருக்குன்னு பாப்போம்.

பிரிட்டா: பொடிப்பொடியா உதிருதுப்பா. அடியில ஒரே மண்ணு... இரு. மிஸ், தோட்டத்துக்கு ஆத்து வண்டல் கொட்டினீங்களா?

டீச்சர்: ஆமா! வெள்ளம் வந்த வருஷம் என் வீட்டுக்காரர் ரெண்டு லோடு அடிச்சார். பூட்ஸோட உள்ள வராதீங்கன்னு கத்துவேன். உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப பாலர் வகுப்பு.

பிரிட்டா: விரல்ல தேச்சா மாவு மாதிரி இருக்கு. நம்ம பக்கத்து மணல்னா உறுத்தும். களிமண்ணுன்னா ஒட்டும். நிச்சயம் பண்ணணும்னா கொஞ்சம் எடுத்துப் பல்லுல...

வெர்ன்: பல்லுலயா! துப்புடி! பூட்ஸ் மிதிச்ச மண்ணு!

டீச்சர்: ஹ ஹ! விடுங்க வெர்ன், பாடத்துலயே இருக்கு. என் போன் அடிக்குது, அக்காவாத்தான் இருக்கும். பேச ஆரம்பிச்சா விட மாட்டா. நீங்க வேலையப் பாருங்க.

பிரிட்டா: என்னப்பா அப்படிப் பாக்குற?

வெர்ன்: ஒண்ணுமில்ல. நான் தரைய மூடிச் சம்பாதிக்கிறேன். எனக்குன்னு பொறந்தது தரையத் தோண்டுது.

பிரிட்டா: மூடினதத் தூக்கிப் பாத்தாத்தானே தெரியும்.

வெர்ன்: அந்தப் புதுப் பஞ்சுச் சுருள இப்படி உருட்டு. வெட்டாத, இரு... சரி. நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வர்றேன்.

பிரிட்டா: நிஜமாவா?

வெர்ன்: நிஜமா. கையெழுத்துப் போடுறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. ரெண்டாவது வருஷம் பிசினஸுக்கு மாறிடுவேன்னு. அவ்வளவுதான். நான் நிம்மதியாப் போட்டுடுவேன்.

பிரிட்டா: ...கத்தி எங்க?

வெர்ன்: உன் கையில.

பிரிட்டா: ஆமால்ல.

வெர்ன்: சொல்லு.

பிரிட்டா: அப்பா, இந்தப் படி கொஞ்சம் சாய்வா இருக்குல்ல?

வெர்ன்: எல்லாப் படியும் நேராத்தான் இருக்கு. மாறிடுவேன்னு சொல்லு. ஒரு வார்த்தைதானே?

பிரிட்டா: ...சொல்ல முடியாதுப்பா.

வெர்ன்: ஏன்?

பிரிட்டா: மாற முடியாது. ஆல்டன்ல... பிசினஸே இல்ல. சின்னக் காலேஜ். மண்ணு இருக்கு, பாறை இருக்கு, லத்தீன்கூட இருக்கு. பிசினஸ் மட்டும் இல்ல.

வெர்ன்: லத்தீன் இருக்கு. பிசினஸ் இல்ல.

பிரிட்டா: தெரிஞ்சேதான் அதை எடுத்தேன். வேற காலேஜுன்னா நீ மாறு மாறுன்னு சொல்லிட்டே இருப்ப. ஒரு நாள் நானும் சரின்னு மாறிடுவேன். அங்க போயிட்டா அந்தப் பேச்சுக்கே இடமில்ல. மொதல்ல சும்மாத்தான்பா நடிச்சேன். நீ சொன்ன மாதிரியே. ரெண்டு கோடை லீவுல மண் பாதுகாப்பு ஆபீஸ்ல வேலை, போட்டி, எல்லாம் நடிப்பு. அந்த மழையில குழிக்குள்ள நின்னேன் பாரு... அப்ப யாருக்காகவும் நடிக்கலப்பா.

வெர்ன்: சுத்தியல இப்படிக் குடு.

பிரிட்டா: ஏதாவது சொல்லு. திட்டவாவது செய். நாளைக்கு வர மாட்டேன்னாலும் சொல்லிடு. நீ சொன்ன நாலு காலேஜுக்கும் போட்டுட்டு வசந்தம் வரைக்கும் பொறுத்திருக்கேன்.

வெர்ன்: அந்த ஓரத்த உள்பக்கமா மடி.

பிரிட்டா: அப்பா!

வெர்ன்: மடிடி. பிசிறு தெரியுது.

பிரிட்டா: மடிச்சாச்சு. சொல்லு.

வெர்ன்: நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வர வேண்டியதில்ல. செவ்வாய்க்கிழமையே போட்டுட்டேன்.

பிரிட்டா: எதை?

வெர்ன்: கையெழுத்தத்தான். உங்க டீச்சர் கண்ணு இருக்கே... மாட்டிவிடப் பாத்துச்சு.

பிரிட்டா: கார்பெட் அளவெடுக்கன்னு சொன்ன! கல்லுத் தரையில! அப்ப... பிசினஸ் இல்லேன்னு தெரியாமயே போட்டுட்டியா?

வெர்ன்: நானா? விலை கேக்காமப் போடுற ஆளா நான்? திங்கக்கிழமையே அந்தக் காலேஜுக்குப் போன் போட்டுட்டேன். உதவித்தொகை கணக்கெல்லாம் கேட்டேன். கடைசியில, ‘என் பொண்ணு பிசினஸுக்கு எப்ப மாறலாம்?’னேன். போன எடுத்த பொண்ணு சிரிக்குது. ‘ஐயா, எங்ககிட்ட அந்தப் பாடமே கிடையாது’ங்குது.

பிரிட்டா: தெரிஞ்சுதான் போட்டியா! அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம்... மாறிடுவேன்னு சொல்லு சொல்லுன்னு உயிர எடுத்த?

வெர்ன்: நீ என்கிட்ட மறைச்சிட்டன்னு திங்கக்கிழமையிலேருந்து கோவம். கொஞ்சம் படட்டும்னு நெனச்சேன்.

பிரிட்டா: பொய் சொல்லியிருந்தா?

வெர்ன்: கோவம் இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கும். கையெழுத்து போட்டது போட்டதுதான்.

பிரிட்டா: கடை என்ன ஆகும்ப்பா? வேன்ல ‘ஹேகடார்ன்’னு எழுதி, பக்கத்துல என் பேருக்குன்னு எத்தனை வருஷமா இடம் விட்டு வச்சிருக்க...

வெர்ன்: வேன்ல பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெயிண்ட் அடிக்கிறவன்கிட்ட விட்டிருக்கேன். அந்த இடத்துல கடையோட போன் நம்பரப் போடச் சொல்லிட்டேன்.