பூங்கோதை தொலைஞ்ச சனிக்கெழம

...காலு ரெண்டும் இன்னும் வீங்கித்தான் நிக்கு, பாத்துக்கிடுங்க. நீங்க போன்ல தமிழ் பேசுனது காதுல விழுந்துச்சு, அதான் மெட்ரோன்னும் பாக்காம இந்த சீட்டுக்கு மாறி வந்தேன். நா வேலம்மாள். சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம், இங்க டெல்லியில துவாரகா.

இந்தக் காலுக்குக் காரணம் வத்சலா. எங்க அப்பார்ட்மெண்ட் சொசைட்டிதான், ஏர்போர்ட்ல வேல. சனிக்கெழம காலைல அவ, நா, அதே சொசைட்டிப் பூங்கோதை மூணு பேரும் பார்க்குல நடந்துக்கிட்டு இருக்கோம். திடீர்னு நிக்கா. ஜெய்ப்பூர் போவோமாங்கா. என்னமோ முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போற மாதிரி. மாத்துத் துணி கெடையாது, ஒண்ணு கெடையாது. வீட்டுல தோசைக்கு ஊறப் போட்டுருக்கேன்னு சொல்லுதேன், உங்க வீட்டுக்காரரு அரைப்பாரு, ஜல்தி கார்ல ஏறுங்கங்கா. ஏறிட்டோம். புத்தி எங்க போச்சுன்னு கேக்காதிய.

போற வழியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ரோட்டோரம் ஒரு தாபாவுல பராட்டா, மேல ஒரு கட்டி வெண்ண... அந்த வெண்ணயப் பத்தியே தனியாப் பேசலாம். எங்க விட்டேன்... ஆங், பூங்கோதை.

அவ வீட்டுக்காரரு அருள்ராஜ் அண்ணன், ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுசன். ஆனா அவள ஒத்தையில ரோட்டத் தாண்ட விடமாட்டாரு. காய்க்காரன்கிட்ட பேசுறது, பேங்குக்குப் போறது, எல்லாத்துக்கும் அவருதான் முன்னாடி. டெல்லிக்கு வந்து இத்தன வருசத்துல அவ வாயில முழுசா ஒரு வரி ஹிந்தி வந்து நா கேட்டதில்ல. கெளம்பும்போது போன்ல எங்கிட்டதான் சொன்னாரு, அவ கையப் புடிச்சுக்கிடுங்கம்மான்னு.

ஜெய்ப்பூர் பஜார் வரைக்கும் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அரக்கு வளையல் போட்டுப் பாக்க ஒரு கை போதுமா, சொல்லுங்க? விட்டேன். வளையக் கடையில பேரம் பேசி முடிச்சுத் திரும்புதேன், ஆளக் காணும். அவ போனும் என் பையில கெடக்கு.

பஜார்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். பூத்துல நின்ன போலீஸ்காரருகிட்ட பச்ச சுடிதார், குட்டையா இருப்பான்னு சொன்னேன். அவரு தெருவப் பாத்துக் கையக் காட்டுதாரு. அங்க போறவங்கள்ல பாதிப் பேரு பச்ச சுடிதார். அப்பப் பாத்து பைக்குள்ள போனு அடிக்கி. அருள்ராஜ் அண்ணன். எடுத்து, குளிச்சுக்கிட்டு இருக்கான்னுட்டேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் அடிக்கி. இன்னுமா குளிக்கான்னு கேக்காரு. இந்த ஊர்ல வெயிலு ஜாஸ்தி அண்ணேன்னேன். சொல்லிட்டு அந்த வளையக் கடை வாசப்படியிலேயே உக்காந்து அழுதுட்டேன். நெசமாத்தான். அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?

வெயில் தாழ்ந்த நேரம், கடை முன்னால ஒரு ஈ-ரிக்‌ஷா வந்து நிக்கி. உள்ள பூங்கோதை. கையில பாதி தின்ன குல்ஃபி. டிரைவர்கிட்ட ஹிந்தியில சண்ட போடுதா. இலக்கணமெல்லாம் கெடையாது, ஆனா சண்ட நல்லாவே நடக்கு. கூட்டத்துல எங்கள விட்டுட்டு, கொஞ்ச நேரம் பயந்து நின்னுருக்கா. பொறவு ஒரு பொம்பளகிட்ட பேசி, மலமேல இருக்குற ஆமேர் கோட்டைக்கு ரிக்‌ஷா ஏறி, மேல வரைக்கும் ஏறிப் பாத்துட்டு வாரா.

நல்லா நாலு வார்த்த கேக்கணும்னு வாயத் தொறந்தேன். அவ முந்திக்கிட்டா. “முன்னாடி போறவங்க முதுகத்தான்க்கா இத்தன வருசம் பாத்து நடந்தேன். இன்னிக்கு என் வாயால வழி கேட்டேன். எல்லாரும் சொன்னாங்க.”

வத்சலா அங்கிட்டுத் திரும்பி நின்னு மூக்கச் சிந்துதா.

மறுபடியும் போனு. நா ஏதாச்சும் சொல்லுதேன்னு கைய நீட்டுதேன், அவ வாங்கிட்டா. “குளிக்கலங்க. கோட்டைக்குப் போயிட்டு வந்தேன். ஒத்தையில.”

அவரு மெதுவாக் கேக்காரு, ஸ்பீக்கர்லயே கேட்டுச்சு. “கோட்ட எப்படி இருந்துச்சு?”

சொல்ல ஆரம்பிச்சா பாருங்க, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நிப்பாட்டல. மறுநா எங்களையும் கூட்டிட்டுப் போறேன்னா. என் காலப் பாத்தியளா, படியேற முடியுமா? கீழ காருலயே உக்காந்துட்டேன். ஜெய்ப்பூர் போயும் கோட்டய ஏறிப் பாக்காம வந்தவ நா ஒருத்திதான்.

அச்சா, ஏன் எந்திரிக்கிய? உங்க ஸ்டேஷன் அப்பவே போயிருச்சா? அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, நா என்ன பேசவா விடல? சரி, பதறாதிய. அடுத்ததுல எறங்கி எதுத்த வண்டியப் புடிக்கலாம். இருங்க, நானும் கூட வாரேன். ஒத்தையில எப்படிப் போவிய?