காலிக் கூண்டில் குறையும் புல்

காப்பகத்து அக்கா: காலிக் கூண்டுல வெச்ச புல் எப்படிங்க குறையும்?

அம்மா: காத்துல பறந்திருக்கும்.

அக்கா: ஜன்னல் சாத்தியிருக்கே...

அம்மா: ஃபேன் காத்து.

வாலு: நான்தான் தின்னேன்!

அம்மா: வாலு, சும்மா இருக்க மாட்டே?

அக்கா: ஐயோ, திட்டாதீங்க. முயல் வர்றதுக்கு முன்னாடி வீடு பழகட்டும்னுதானே ஒரு வாரம் காலிக் கூண்டை வெச்சுப் பார்த்துக்கச் சொன்னேன். தண்ணி மாத்தி, புல் மாத்தி, பெருக்கி... சில வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு நாள்ல கைகழுவிடும். உங்க பொண்ணு பிரமாதம் போங்க.

வாலு: அக்கா, ராத்திரியில பின்னங்காலால தொம்முனு தரையை உதைக்குமே, அது ஏன்?

அக்கா: மிரண்டிருக்கும். ஏதோ ஆபத்துன்னு எச்சரிக்கை பண்ணுது... ஆமா, இதெல்லாம் யார் சொன்னா உனக்கு?

அம்மா: ஃபோன்தான். எப்பப் பாரு முயல் வீடியோ.

வாலு: தடவிக் குடுத்தா மெதுவாப் பல்லைக் கடிக்குமே?

அக்கா: அது சந்தோஷம். பலமாக் கடிச்சா வலி.

வாலு: ஆனா தூக்கினா மட்டும் உதைக்கிறான்... உதைக்குமாமே?

அக்கா: உதைக்கும். பின்பக்கத்தைத் தாங்காம தூக்கினா, திமிறி முதுகெலும்பையே முறிச்சுக்கும். தூக்கவே வேணாம். தரையில உட்காரு, அதுவா வரும்.

வாலு: கேரட்?

அக்கா: நமக்கு மிட்டாய் எப்படியோ அப்படி. எப்பவாவது கொஞ்சூண்டு. வயிறு நிறைய வேண்டியது காய்ஞ்ச புல்தான்.

அம்மா: அது இருக்கட்டும், துரை எப்படி இருக்கான்? அதான், அன்னிக்கு வந்து நாங்க கேட்டுட்டுப் போனோமே, ஒத்தைக் காது மடிஞ்சவன்.

அக்கா: துரையா... ம்... இருக்கான். நல்லா ஓடியாடிக்கிட்டு... கண்ணுலயே அகப்பட மாட்டேங்கறான்.

வாலு: அங்கயா?

அம்மா: வாலு!

அக்கா: ஏன், அங்கதானே...

வாலு: அக்கா, காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலன்னா?

அக்கா: யாரு?

வாலு: சும்மா... ஒரு முயல்.

அக்கா: ஆறப்போடவே கூடாது. அரைநாள் வாய் வைக்கலன்னாலே குடல் நின்னுடும். உடனே டாக்டர்கிட்ட ஓடணும்.

வாலு: அம்மா, சொல்லிடும்மா!

அம்மா: வேணாம்...

வாலு: குளியலறையில இருக்கான் அக்கா! நீங்க வர்றீங்கன்னு காலையிலயே உள்ளே விட்டுட்டோம். புல்லைத் தொடவே இல்ல. செத்துப் போயிடுவானா?

அக்கா: கதவைத் திற... மெதுவா... ஐயோ, துரை!

அம்மா: அன்னிக்கு இவ பையைத் தரையில வெச்சிருந்தா, அவனே ஏறிட்டான்ங்க. வீட்டுக்கு வந்து திறந்தா, சட்டமா உள்ளே உட்கார்ந்திருக்கான். திருப்பிக் கொண்டாந்தா திருட்டுப் பட்டம் கட்டிடுவீங்களோன்னு...

அக்கா: கொஞ்சம் பேசாதீங்க. வயித்துல காது வெச்சுக் கேட்கறேன்... ம்... சத்தம் இருக்கு. குடல் ஓடுது. கொத்தமல்லி இருக்கா? நீட்டாதே, தரையில வை. நீயும் உட்காரு. அவனைப் பார்க்காதே.

வாலு: மூக்கு ஆடுது...

அக்கா: உஷ்...

வாலு: தின்னுட்டான்! அக்கா, தின்னுட்டான்!

அக்கா: அப்பாடா... புது இடம், ஈரத்தரை, அடைச்ச கதவு... பயந்திருக்கான். ஆனா சாயங்காலத்துக்குள்ள புழுக்கை போடலன்னா டாக்டர்தான்.

அம்மா: தப்பெல்லாம் என்னோடதுங்க. கூண்டு காலியா இருக்கணும்ங்கிற விதியை மீறிட்டோம்னு, இவனை இவளுக்குக் குடுக்காம இருந்துடாதீங்க. இவன் வந்ததுலேர்ந்துதான் இந்த வீட்ல இவ சிரிக்கிறா.



வாலு: அக்கா, ஒண்ணு கேட்கவா? இவன் இங்கதானே இருந்தான். அப்போ அங்க எப்படி ஓடியாடிக்கிட்டு இருந்தான்?

அக்கா: அது வந்து கண்ணு... அப்படி ஒரு விதியே கிடையாது. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே துரையைக் காணோம். தேடிப் பிடிக்க ஒரு வாரம் கிடைக்கட்டும்னு நான்தான் காலிக் கூண்டுன்னு ஒரு கதையைக் கட்டிவிட்டேன். தினமும் கொத்தமல்லியும் கையுமா புதர் புதராத் தவழ்ந்துக்கிட்டிருந்தேன்... இவன் இங்கயே இருக்கட்டும். காப்பகத்தை நடத்துற எங்க பெரியம்மாகிட்ட சொல்லும்போது மட்டும் நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு.