விருந்தாளி விசா

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "எம் பொண்டாட்டி எனக்கு விருந்தாளியாம் நைனா. அப்டித்தான் விசா குடுத்துக்கிறாங்க."

அவர் கண்டியில் கடை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் என்பது பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்த மனைவி சிலோன் பிரஜை. மடியில் கைக்குழந்தை.

"வெள்ளிக்கெயமயோட முடியுது. நீட்டிக்கச் சொல்லி எழுதிப் போட்டேன், பதிலே காணோம்."

"கொயந்த?"

"இங்க பொறந்துச்சி. அது இந்தியாவாம்."

அவள் திரும்பினாள். "இன்னைக்கு விசா ஆபீசுல என்னைச் சிலோனுக்குப் போகச் சொன்னா?"

"போய்ட்டு வா. கொயந்தய எங்கம்மா பாத்துக்கும்."

"பால் குடிக்கிற பிள்ளைய விட்டுட்டா? நான் போக மாட்டேங்க. ஜெயில்ல போட்டா ரெண்டு பேரையும் போடட்டும்."



செங்கல்பட்டில் அவர் முதலில் இறங்கி, குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மார்போடு இறுக்கிக்கொண்டு தானே இறங்கினாள்.