ஆடு போனதும் நிறுத்துங்க

படத்த போட வாணாம்னு சொல்லல சார். தப்பா புரிஞ்சிக்கினீங்க. என்னப் பாத்தா சண்ட போட வந்தவ மாதிரியா இருக்குது? நல்லா ஓட்டுங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் கொஞ்ச நேரம் அப்பிடியே நிறுத்தி வைங்கன்னு தான் கேக்கறன். ஆடு ஒண்ணு வரும். படுத்திருக்கறவரு கால மோந்து பாக்கும், போயிடும். அது போனதும் நிறுத்துங்க. அப்பறம் ஒரு பொம்பள தலைய விரிச்சிப் போட்டுக்கினு வருவா. அவ வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடணும். அம்மாந்தான்.

ஆமா சார், அந்தப் படம் தான். பேச்சே இல்லாத படம், கருப்பு வெள்ள. சங்கராபுரத்துப் பையன் பழனி எடுத்தது. இன்னிக்கி சாயங்காலம் கடைசியா அத்தத் தான் போடறீங்கன்னு வாசல்ல பேனர் கட்டிக்கினு இருந்த தம்பி சொல்லிச்சி. ஜனம் வந்துட்டா உங்களாண்ட பேச முடியாதுன்னு தான் நேரத்தோட பஸ்ஸ புடிச்சி கள்ளக்குறிச்சி வந்து எறங்கிட்டன். நீங்க வயர மாட்டுங்க, மாட்டுங்க. வேலையப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கறன்.

இது மாதிரி படம்லாம் பாப்பனாவா? இன்னா சார் அப்பிடிக் கேட்டுட்டீங்க. திருக்கோவிலூரு பள்ளிக்கூடத்துல போட்டாங்க, போனன். விழுப்புரத்துல ஒரு மண்டபத்துல போட்டாங்க, அங்கயும் போனன். எம் பொண்ணு போன்ல பாத்து சொல்லும், எம்மா இந்த ஊர்ல போடறாங்களாம்னு. நடவு இருந்தாலும் சரி, கள எடுப்பு இருந்தாலும் சரி, போட்டுட்டு ஓடிடுவன். பழனி படம் எப்பவும் கடைசியில தான் வரும். அதுக்கு முன்னாடி போடறது அத்தனையும் பாத்துத் தானே ஆவணும்? ஒரு படத்துல சார், வெறும் கதவு. வேற ஒண்ணும் கெடையாது, கதவு. இப்பத் தொறக்கும் அப்பத் தொறக்கும்னு நானும் பாத்துக்கினே இருக்கறன். தொறக்கவே இல்ல. லைட்ட போட்டுட்டாங்க. எல்லாரும் கை தட்றாங்க, நானும் தட்டுனன். பக்கத்துல குந்திக்கினு இருந்தவரு எப்பிடிம்மா இருந்திச்சின்னாரு. உள்ள யாரோ இருக்காங்கன்னு நெனச்சிக்கினு இருந்தன் சார், யாரும் இல்ல போலருக்குன்னன். சிரிச்சிட்டாரு. எனுக்கு சிரிப்பு வரல. வூட்டுக்குப் போயி எங்க வூட்டுக் கதவ கொஞ்ச நேரம் பாத்துக்கினு நின்னன்.

கீழ மாட்டி வச்சிருக்கற படம்லாமும் பாத்துட்டுத் தான் மேல வந்தன். சிலது நல்லா இருக்குது. சிலது பெயிண்டு டப்பாவ தட்டி வுட்டா மாதிரி இருக்குது, சொன்னா கோச்சிக்காதீங்க. ஆண்டாள்னு ஒரு பொண்ணு கல்வராயன் மலைய வரைஞ்சி வச்சிருக்குது. நம்ம மலைன்னு கிட்டப் போயிப் பாத்தன். பாதி மலையில செவப்பு மண்ணு அப்பிடியே ஒழுவி கீழ எறங்குறா மாதிரி போட்டிருக்குது. அந்தப் பொண்ணு வந்து எப்பிடிங்க இருக்குதுன்னு கேட்டுச்சி. நல்லா இருக்குதும்மான்னு சொல்லிட்டு நகந்துட்டன். அந்த மலைப் படத்தாண்ட என்னால நிக்க முடியல.

பழனி படத்துல எனுக்கு இன்னா அவ்ளோ இஷ்டமா? படுத்திருக்காரே சார், பொணமா. அவரு எங்க வூட்டுக்காரு.

நெசமாத்தான். கடைசில பேரு ஓடும்போது அவரு பேருதான் மொதல்ல வருது. எனுக்குப் படிக்கத் தெரியாது, எம் பொண்ணு காட்டுச்சி. வேடியப்பன்னு. நான் பேரு சொல்ல மாட்டன் வழக்கமா. இப்ப சொல்றன், பரவால்ல.

எங்க ஊரு மலையடிவாரம் சார். பழனி தம்பி கேமராவ தூக்கிக்கினு வந்து, பொணமா படுக்கறதுக்கு ஒரு ஆளு வோணும்னு தெருத்தெருவா கேட்டுச்சி. எவன் படுப்பான்? உசுரோட இருக்கறவன் பாடையில படுத்தா வெளங்குமா? எல்லாரும் துரத்தி வுட்டாங்க. எங்க வூட்டுக்காரு மட்டும், பிரியாணி வாங்கித் தரியா, நான் படுக்கறன்னாரு. தூங்கறதுக்குச் சோறு போடறான், வுடுவனாடின்னு என்னாண்ட சிரிச்சாரு. அந்த மனுசன் படுத்தா இடி வுழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு, அது ஊருக்கே தெரியும். நாடிக்கட்டு கட்டி, நெத்தியில காசு ஒட்டி, கால் கட்டவெரல சேத்துக் கட்டி, மாலய போட்டு, வாசல்ல கெடத்திட்டாங்க. ஒரு ஈ வந்து மூக்கு மேல குந்துது. அசையல சார். பழனி கூட பயந்து போயி கிட்ட வந்து மூச்சு வருதான்னு பாத்துச்சி. அந்த ஆடு எங்க ஆடு தான். அத்த யாரும் வரச் சொல்லல. அவரத் தேடிக்கினு அதுவா வந்துச்சி.

என்னியா? என்னியும் தான் கூப்ட்டாங்க. பொண்டாட்டியா நீயே குந்துக்கா, நெசமா இருக்கும்னு பழனி கெஞ்சிச்சி. வெளக்கமாத்த எடுத்துட்டன். கல்லு மாதிரி இருக்கற புருசன் பக்கத்துல குந்திக்கினு ஒப்பாரி வைப்பனா நானு? இப்ப கேட்டாலும் அதத்தான் சொல்லுவன். அப்பறம் கூத்துல வேஷம் கட்ற செல்லியம்மாள்னு ஒருத்திய இட்டாந்தாங்க. நல்லா தான் அழுவுறா, கொற சொல்லக் கூடாது. ஆனா அந்த மனுசனுக்கு அவ யாருன்னே தெரியாது சார். அன்னிக்கித் தான் மொத மொத பாத்தாரு.

படம் முடிஞ்சி எழுந்தாரே, முதுவெல்லாம் எறும்பு கடி. ராவெல்லாம் எண்ண தேய்ச்சி வுட்டன். பிரியாணியில பாதிய எனுக்கு எடுத்தாந்திருந்தாரு. சாவு வூட்டுச் சோறு, எனுக்கு வாணாம்னு தள்ளி வுட்டன். அவரே தின்னுட்டாரு.

அவரயும் இட்டாந்து முன்னாடி குந்த வச்சிருக்கலாமேன்னா சொல்றீங்க. நீங்க நல்ல மனுசன் சார். அவரு இந்தப் படத்த பாக்கவே இல்ல.

அது எடுத்த வருசமே மழ காலத்துல கேரளாவுக்கு எஸ்டேட்டு வேலைக்குப் போனாரு. எங்கூர்ல இருந்து ஒரு வண்டி நெறய போனாங்க. மலைக்கு மேல லயன் வூடு குடுத்திருந்தாங்க. ஒரு நாளு வெடியக்காத்தால அந்த மலையே எறங்கிடுச்சி சார். கூடப் போனவங்கள்ள சில பேரு கெடச்சாங்க. எங்க கொழுந்தனாரு மாயவன் போயி அங்கயே குந்திக்கினு இருந்தாரு. மிஷின வச்சித் தோண்டுனாங்க, நாய வுட்டுத் தேடுனாங்க. அப்பறம் ஒரு நாளு, இதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு நிறுத்திட்டாங்க. கொழுந்தனாரு, அவரு துண்டுன்னு ஒண்ண மட்டும் எடுத்துக்கினு வந்தாரு. அது அவரு துண்டு இல்ல சார். எனுக்குத் தெரியாதா. வாங்கி வச்சிக்கினன், அவரும் பாவம் எவ்ளோ தூரம் அலஞ்சாரு.

ஐயோ, நீங்க எதுக்கு சார் வேலைய வுட்டுட்டு நிக்கறீங்க. மாட்டுங்க. அழுவறதுக்கு ஒண்ணும் வரல நானு.

ஊர்ல பெரியவங்க கூடி, வைக்கல்ல ஆளு மாதிரி கட்டி சடங்கெல்லாம் பண்ணி எரிச்சிடலாம், இல்லன்னா அவரு கெதியில்லாம அலைவாருன்னாங்க. கட்டவும் கட்டிட்டாங்க. கொண்டாந்து வாசல்ல வச்சாங்க. அதே எடத்துல தான் சார் அவரு படத்துக்குப் படுத்திருந்தாரு. நான் அந்த வைக்கல பாத்தன். தலைன்னு ஒரு உருண்ட. வாயி எங்க, கண்ணு எங்க? இதுக்குப் போயி நான் அழுவணுமா? மாட்டன்னுட்டன். மொறைக்குச் செய்ய வேண்டியவ செய்யலன்னா எப்பிடின்னு பங்காளிங்கலாம் கத்துனாங்க. கத்திட்டுப் போங்கன்னு உள்ள போயி கதவ சாத்திக்கினன். அவங்களே எரிச்சிட்டாங்க. என்னப் பொறுத்தவரைக்கும் ஒண்ணும் ஆவல.

போட்டோவா? ஓட்டு கார்டுல இருக்குது, கல்யாணத்துல எடுத்தது இருக்குது. எல்லாத்துலயும் கண்ண தொறந்துக்கினு பாக்கறாரு சார். கண்ண தொறந்திருக்கறவருக்கு கடைசி மொறைய பண்ண முடியுமா? பழனியாண்ட கேட்டு எம் பொண்ணு போன்ல ஏத்திக் குடுத்துச்சி. கட்டவெரலு அளவு தான் இருக்காரு. பொம்ம மாதிரி. இங்க தான் சார், இந்தத் துணியில தான் ஆளு அளவுக்கு வராரு. நாடிக்கட்டோட, மாலையோட, கண்ண மூடிக்கினு, எங்க வாசல்லயே படுத்திருக்காரு. எம் புருசன் சாவு எனுக்கு இங்க தான் இருக்குது.

விழுப்புரத்துல நான் எழுந்து முன்னாடி போனன். யாராண்டயும் கேக்கல, அது தப்பு தான். கிட்டப் போனா எந்நெழலு அவரு மூஞ்சிய மறைச்சிடுச்சி. பின்னாடி எல்லாரும் குந்துமா, குந்துமான்னு சத்தம் போட்டாங்க. நெழல வெலக்கிக்கினு திரும்பிப் பாக்கறன், அதுக்குள்ள அந்த செல்லியம்மாள் வந்துட்டா. மாரடிச்சிக்கினு அழுவுறா. அழுதுட்டு, கைய நீட்டி அவரு வாயில அரிசியப் போடறா. என்னக் கைய புடிச்சி வெளிய இட்டாந்துட்டாங்க. அவ கூத்துக்காரி சார், கூலிக்கு வந்தவ. அவ போட்டிருக்கறா. கட்டுனவ நான் இன்னும் போடல.

அதான் நிறுத்தச் சொல்றன்.

இப்பயே ஓட்டிக் காட்றீங்களா? யாரும் திட்ட மாட்டாங்களா உங்கள? அந்தப் பொண்ணுங்க நாற்காலி போட்டுக்கினு இருக்குதுங்களே. சரி, போடட்டும், அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். லைட்டு மட்டும் கொஞ்சம் அணைச்சிடுங்க.

ஆங். வந்துடுச்சி, எங்க வாசலு. இன்னும் கொஞ்சம். இன்னும். இப்ப. நிறுத்துங்க சார், நிறுத்துங்க.

நின்னுடுச்சி.

இம்மா நேரம் நிக்குமா அது? நீங்க வுடற வரைக்கும் நிக்குமா? நல்லா இருப்பீங்க சார். நான் எந்தப் பக்கம் நின்னா நெழலு வுழாது? சோத்துக்கை பக்கமா? ஓரமா வந்து கைய மட்டும் நீட்டணுமா. கை நெழலு வுழும்ங்கறீங்க. வுழுந்தா வுழட்டும், எங்கை தானே.

செருப்ப இங்கயே வுட்டுடறன். முந்தானையில முடிஞ்சிக்கினு வந்தன். ஒரு புடி கூட இருக்காது. பச்சரிசி தான் சார், துணி கறையாவாது. கீழ வுழறத ஜனம் வர்றதுக்குள்ள நானே பெருக்கிடறன்.